நம்பிச் சொல்லும் குரல்: நாட்டார் கதைசார் ஒலிநூல்களும் மட்டக்களப்புச் செவியும்

இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், ஏழெட்டுப் பேர் கூடி ஒலிநூல் கேட்டு வருகிறோம். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர், வங்கியில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், கல்முனையிலிருந்து வரும் பல்கலைக்கழக மாணவி ஒருவர், பார்வை மங்கிய முதியவர் ஒருவர், நெடுங்காலமாகக் கூத்துப் பழக்கிவரும் அண்ணாவியார் ஒருவர் என்று, அந்தக் கூட்டத்தில் ஒருவரின் செவி மற்றவரின் செவியைப் போன்றதன்று. அண்மையில் நாங்கள் கேட்டு முடித்தது, அமெரிக்க எழுத்தாளர் காத்தரின் ஆர்டன் எழுதி 2017 இல் வெளிவந்த ‘த பெயார் அண்ட் த நைட்டிங்கேல்’ என்ற நாவலின் ஒலிவடிவம். அதை வாசித்தவர் நடிகை கத்லீன் காட்டி. கேட்டு முடித்த அன்று, ஒரே குரலைப் பற்றியும் ஒரே அத்தியாயத்தைப் பற்றியும் ஒன்றோடொன்று ஒட்டாத தீர்ப்புகள் வந்தன.

வாசித்தாலே போதுமான இடத்தில் நடித்துவிட்டார் என்றார் ஆசிரியை. அந்த நடிப்புத்தான் தன்னைக் கடைசிவரை இருத்தி வைத்தது என்றார் மாணவி. வங்கி இளைஞருக்கு வேகம் போதவில்லை. அவர் வீட்டில் தனியே கேட்டபோது ஒன்றேகால் மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார். ஒரே ஆளை மூன்று பெயரால் அழைக்கிறார்கள், யார் எவர் என்று பிடிபட மூன்று அத்தியாயம் சென்றது என்று முதியவர் குறைபட்டார். ஆங்கிலம் அதிகம் பிடிபடாத அண்ணாவியாரோ, நாங்கள் இடையிடையே தமிழில் சொன்ன கதையையும் அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, “இந்தப் புள்ள நம்பித்தான் சொல்லுது மனே” என்றார்.

ஆளுக்கொரு ரசனை என்று இதை விட்டுவிடலாம். ஆனால் அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. ஒரு குரலைக் கேட்கும்போது நாம் அதற்குள் ஒருவரைத் தேடுகிறோம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கதை கேட்டு வளர்ந்த செவிகள் தேடுவது ஒரே ஆளை அன்று, பலரை. இந்தப் பிரதேசத்தில் கதையைச் சொல்லும் வேலை வெகுகாலமாகப் பலரிடையே பங்கிடப்பட்டிருந்தது. அந்தப் பங்கீட்டை விளங்கிக்கொண்டால், நாட்டார் கதைகளிலிருந்து கிளைத்த மாயப்புனைவு ஒன்றின் வாசிப்பை நம்மவர் ஏன் இவ்வளவு வேறுவேறாக மதிப்பிடுகிறார்கள் என்பது தெளிவாகும்.

முதலில் நாவலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கதை நடப்பது நடுக்கால ரஷ்யாவின் வடபகுதியில், காட்டோரக் கிராமம் ஒன்றில். பனிக்கால இரவு ஒன்றில் அடுப்பைச் சுற்றி இருக்கும் பிள்ளைகளுக்குத் துன்யா என்ற முதிய செவிலி பனியரசனின் கதையைச் சொல்வதோடு நூல் தொடங்குகிறது. அந்தக் கிராமத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ‘தொமவோய்’ என்ற வீட்டுக் காவல் ஆவி உண்டு. குதிரைத் தொழுவத்துக்கு ‘வசீலா’ உண்டு. நீர்நிலையில் ஆண்களை இழுத்து ஆழ்த்தும் ‘ருசால்கா’ உண்டு. சனங்கள் தேவாலயத்துக்கும் போவார்கள், இந்த ஆவிகளுக்கும் உணவில் ஒரு பங்கு வைப்பார்கள். பின்னர் அங்கு வரும் இளம் பாதிரியார் ஒருவர் அந்தப் படையல்களைப் பாவம் என்று போதிக்கிறார். சனங்கள் படையலைக் குறைக்கிறார்கள், ஆவிகள் மெலிகின்றன, காட்டில் உறங்கிக் கிடந்த தீமை ஒன்று விழித்தெழுகிறது. ஆவிகளைக் கண்ணால் காணும் வசிலிசா என்ற பெண்ணே கதையின் நாயகி. அவளின் சிற்றன்னையும் அதே ஆவிகளைக் காண்கிறாள். ஆனால் இவள் தோழராகக் காண்பவற்றை அவள் பேய்களாகக் கண்டு நடுங்குகிறாள்.

இந்தக் கதை எங்கள் விறாந்தையில் அந்நியமாக இருக்கவில்லை. மாடுகளைக் காக்கும் வதனமாருக்குச் சடங்கு செய்யும் ஊர்களிலிருந்து வந்தவர்களுக்குத் தொழுவத்து ஆவியை யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ருசால்கா வந்ததும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் “மோகினி” என்றார்கள். பெரிய கோயிலும் சிறுதெய்வ மடையும் ஒரே வீட்டாரின் வழிபாட்டில் சேர்ந்திருப்பதும், அவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று வெளியிலிருந்து வருபவர் சொல்வதும் இந்த மண்ணுக்குப் பழகிய செய்திகள். ஆகவே கதை பற்றி எங்களிடையே வாதம் எழவில்லை. வாதம் முழுவதும் குரல் பற்றியதாகவே இருந்தது.

இனி அந்தப் பங்கீட்டுக்கு வருகிறேன். புராணபடனம் நடக்கும் கோயிலில் ஒருவர் ஏட்டைப் பார்த்துச் செய்யுளை இசையோடு படிப்பார். பக்கத்தில் இருக்கும் மற்றவர் அதற்குப் பயன் சொல்வார். படிப்பவரின் கடமை, சொல்லைச் சிதைக்காமல், சந்தத்தைக் குலைக்காமல் நூலைச் சபைக்கு ஒப்படைப்பது. நூலுக்கும் கேட்பவருக்கும் இடையில் பாலமாக நின்று, வேண்டிய இடத்தில் விரித்து, தெரிந்த இடத்தில் சுருக்கி, சில சமயம் ஊர்க்கதை ஒன்றையும் சேர்த்துச் சொல்வது பயன் சொல்பவரின் பொறுப்பு. முதல்வர் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாமவர் தன்னைக் காட்டலாம். இந்த இருவரையும் சபை ஒரே அளவுகோலால் அளப்பதில்லை.

வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும் நாட்களில் கண்ணகி வழக்குரை படிப்பது இன்னொரு வகை. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று இரு மாவட்டங்களின் கரையோரம் நெடுக இந்த வழக்கம் உயிரோடு இருக்கிறது. பண்டிதர் வி.சீ. கந்தையா பதிப்பித்து 1968 இல் அந்நூலை அச்சில் தந்தார். ஆனாலும் ஊரவர் அதை அறிந்திருப்பது செவியால்தான். மாங்கனியிலிருந்து பிறக்கும் பெண், பேழையில் வைத்துக் கடலில் விடப்படும் குழந்தை, சிலம்புக்கு நாகமணி தேடிக் கப்பலோடும் மீகாமன், கடலில் நடக்கும் போர் என்று மாயப்புனைவுக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கின்றன. இருந்தும் அதைப் படிப்பவர் யாரும் மீகாமனுக்கு ஒரு குரலும் வெடியரசனுக்கு வேறொரு குரலுமாக மாற்றிப் பேசுவதில்லை. அந்தப் பாட்டு அம்மன் முன்னிலையில் படிக்கப்படுவது. அச்சமும் பக்தியும் படிப்பவரின் நிலையிலிருந்து வருமேயன்றி நடிப்பிலிருந்து வாரா. இடையில் நிறுத்தும் மௌனமும் உடுக்கின் ஒலியும் செய்கிற வேலையை எந்தக் குரல் மாற்றமும் செய்யாது என்று நான் நினைக்கிறேன்.

கூத்து இதற்கு நேர்மாறானது. வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி வரவுப் பாட்டு, தனித் தாளக்கட்டு, தனி ஆடல் உண்டு. கூத்தின் இரு பாணிகளில், வடமோடி அரசன் வரும் விதமும் தென்மோடி அரசன் வரும் விதமும் வேறு. பாத்திரம் வாய் திறக்குமுன் மத்தளம் அவன் யார் என்று சொல்லிவிடும். கட்டியக்காரன் சபைக்கு முன்கூட்டி அறிவிப்பான். கூத்தர் பாடியதைப் பிற்பாட்டுக்காரர் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். இந்தத் திருப்பிப் பாடல் கேட்பவருக்குக் கிடைக்கும் பெரும் வசதி: ஒரு வரியை முதல் முறை தவறவிட்டவருக்கு அது இரண்டாம் முறையும் வரும். எல்லாவற்றையும் கட்டி நடத்தும் அண்ணாவியாரோ களரியின் நடுவில் மத்தளத்தோடு நின்று, எங்கே இறுக்க வேண்டும் எங்கே தளர்த்த வேண்டும் என்று கவனித்துக்கொண்டிருப்பார். அங்கே பாத்திர வேறுபாடே உயிர். அதைக் காட்டாத கூத்தனைச் சபை மன்னிக்காது.

முஸ்லிம் ஊர்களில் இதே பங்கீடு வேறு வடிவங்களில் இருந்தது. சீறாப்புராணத்தை இசையோடு படிப்பதும் பொருள் சொல்வதும் ஒரு பக்கம். கேள்வியும் விடையுமாகவே நகரும் நூறு மசலாவை வீடுகளில் வாசிப்பது இன்னொரு பக்கம். மசலாவில் ஒருவர் வாயிலிருந்தே கேட்பவளும் விடை சொல்பவனும் வர வேண்டும். கேள்வி தொங்கும் இடத்தில் வாசிப்பவர் எடுக்கும் மூச்சைக் கேட்டே விடை வரப்போகிறது என்று பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்களாம். கல்முனை மாணவி தன் பாட்டியான மூத்தம்மாவிடம் கேட்ட வாசிப்பு இது. நாவலில் உரையாடல்களைக் குரல் மாற்றி வாசித்ததை அவர் ஏன் விரும்பினார் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கடைசியாக வீட்டுக் கதை. மட்டக்களப்பில் பெத்தா, அதாவது பாட்டி, கதை சொன்னால் கேட்கிற பிள்ளை ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். ஒரு நிகழ்ச்சியிலிருந்து அடுத்ததற்குப் போகும் பாலமாக இந்தப் பிரதேசத்துப் பேச்சில் ‘மறுகா’ என்ற சொல் இருக்கிறது. பிறகு, அதன்பின் என்று அதற்குப் பொருள். பெத்தா “மறுகா” என்று இழுத்தால் ஏதோ வரப்போகிறது, பிள்ளை “மறுகா?” என்று கேட்டால் அவன் இன்னும் உறங்கவில்லை. கதையின் வேகத்தைத் தீர்மானிப்பதில் கேட்பவருக்கும் பங்கு இருந்த முறை இது. படிப்பவர், பயன் சொல்பவர், கூத்தர், பிற்பாட்டுக்காரர் என்று நான் மேலே சொன்ன வரிசையில் கேட்பவரையும் சேர்க்காமல் விட்டால் கணக்குத் தவறிவிடும்.

இயர்போனில் ஒலிக்கும் தனிக்குரல் இவர்கள் அத்தனை பேரின் வேலையையும் தானே செய்ய வேண்டியிருக்கிறது. அது நூலை ஒப்படைக்க வேண்டும், விளக்கவும் வேண்டும், பாத்திரங்களாக மாறவும் வேண்டும், கண்ணுக்குத் தெரியாத கேட்பவர் எங்கே களைத்தார் எங்கே பயந்தார் என்று ஊகித்து வேகத்தை வைக்கவும் வேண்டும். எங்கள் ஆசிரியை சிறு வயதிலிருந்து புராணம் படிக்கும் குடும்பத்தில் வளர்ந்தவர். அவர் அந்தக் குரலில் தேடியது ஏடு படிப்பவரை. மாணவி தேடியது மசலா வாசித்தவரை. முதியவர் தவித்தது பயன் சொல்பவரும் பிற்பாட்டும் இல்லாமையால்: ஒரு பெயர் மாறி வரும்போது ‘இவள்தான் முன்னே சொன்ன வாசியா’ என்று யாராவது பக்கத்திலிருந்து சொல்லியிருந்தால் அவருக்குக் குறையே இருந்திராது. வங்கி இளைஞர் வேகப் பொத்தானை அழுத்தியதும் ஒருவகையில் பழைய உரிமைதான். ‘ம்’ கொட்டிக் கதையை ஓட்ட முடியாதவர் பொத்தானால் ஓட்டினார்.

பெயர்ச் சிக்கலை இன்னும் சற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அச்சில் அது சிறிய இடர், ஒலியில் பெரிய இடர். ரஷ்யப் பெயர்கள் உறவின் நெருக்கத்துக்கேற்ப மாறும். வசிலிசா என்ற பெண் வீட்டாருக்கு வாசியா; இன்னும் செல்லமாக அழைக்கும்போது வேறு ஈறு சேரும்; மரியாதையாக அழைக்கும்போது தந்தையின் பெயரிலிருந்து பிறந்த பெயரும் கூட வரும். அச்சு நூலில் பக்கத்தைப் புரட்டிச் சரிபார்க்கலாம். ஒலியில் அது முடியாது. ஆகவே, அந்தப் பெயரை எந்தத் தொனியில் சொன்னால் அழைப்பவர் யார், அழைக்கப்படுபவர் யார் என்று விளங்குமோ அந்தத் தொனியை வாசிப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். கத்லீன் காட்டி அதைப் பெரும்பாலும் செய்கிறார் என்பது என் கருத்து. செவிலி கூப்பிடும் ‘வாசியா’வும் சிற்றன்னை கூப்பிடும் அதே பெயரும் என் செவிக்கு இரண்டு வெவ்வேறு சொற்களாகவே கேட்டன. ஒரே பெண்ணைக் ‘கமலா’ என்றும் ‘கமலாக்கா’ என்றும் ‘புள்ள’ என்றும் ‘என்னகா’ என்றும் அழைப்பவர்கள் நாம். இந்த நுட்பம் நமக்குப் பிடிபடாதது அன்று.

உச்சரிப்பு பற்றிய முறைப்பாடு தமிழ் ஒலிக்கதைகளில் வேறு முகத்தோடு வருகிறது. கிழக்கிலங்கைக் கதை ஒன்றைத் தமிழ்நாட்டுக் குரலில் கேட்டால் ‘காற்று’, ‘வெற்றிலை’, ‘ஆற்றங்கரை’ ஆகிய சொற்களிலேயே நம் செவி இடறும். இலங்கைத் தமிழில் றகர இரட்டை ஒரே வல்லொலியாக ஒலிக்கும். அங்கே பெரும்பாலும் ‘ட்ர’ போலக் கேட்கும். தவறு என்று எதையும் நான் சொல்லவில்லை. ஆனால் மோகினி நிற்கும் ஆற்றங்கரை எந்த ஊர் ஆற்றங்கரை என்பதை அந்த ஒற்றை எழுத்து தீர்மானித்துவிடுகிறது. மட்டக்களப்புப் பேச்சுத் தமிழ், தமிழின் பேச்சு வழக்குகள் எல்லாவற்றிலும் இலக்கியத் தமிழுக்கு மிக நெருங்கியது என்று செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் எழுதினார். அப்படியிருக்க, இங்குள்ள கதையை ஒலிப்பதிவு செய்யும் நம்மவரே வட்டார வழக்குக் கொச்சை என்று கூச்சப்பட்டு மேடைத் தமிழுக்குத் தாவுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பெத்தா மேடைத் தமிழில் கதை சொன்னால் அதைப் பிள்ளை நம்புமா?

நம்புதல் என்ற இந்த இடத்தில்தான் அண்ணாவியாரின் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. தொல்காப்பியம் செய்யுளியலில் உரைநடையின் வகைகளைச் சொல்லும்போது ‘பொருள்மர பில்லாப் பொய்ம்மொழி’ என்று ஒன்றைக் குறிக்கிறது. அதற்கு உரை எழுதிய பேராசிரியர், யானையும் குருவியும் நட்புக்கொண்டு ஓரிடத்துக்குச் சென்று இன்னது செய்தன என்பதுபோன்ற கதையை எடுத்துக்காட்டுகிறார். உலகில் நடவாததைச் சொல்லும் கதைக்கு அவ்வளவு பழைய காலத்திலேயே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மெய்ப்பாட்டியலோ வியப்பை மருட்கை என்று பெயரிட்டு, அது ‘புதுமை பெருமை சிறுமை ஆக்கம்’ என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. முன்பு காணாதது, அளவுக்கு மிஞ்சிப் பெரியது, அளவுக்கு மிஞ்சிச் சிறியது, ஒன்று மற்றொன்றாக மாறுவது என்று அவற்றை விரிக்கலாம். தொமவோய் சிறுமை, காட்டுக் கரடியாக வரும் தீமை பெருமையும் ஆக்கமும், பனியரசன் புதுமை. உலகின் மாயப்புனைவுகளில் எதை எடுத்தாலும் இந்த நான்குக்கு வெளியே வியப்பு பிறக்கும் இடம் அரிது.

மெய்ப்பாடு என்பது மெய்யில் படுவது. உள்ளத்தில் உள்ளது உடலில் தோன்றுவது. ஒலிநூலில் உடல் இல்லை, குரல் ஒன்றே உண்டு. ஆகவே வாசிப்பவருக்கு மருட்கை உண்மையில் உண்டானதா என்பதைக் கேட்பவர் குரலிலிருந்தே அறிய வேண்டியிருக்கிறது, அறிந்தும் விடுகிறார். ஆவி தோன்றும் இடத்தில் குரலை நடுக்கிக் காட்டுவது எளிது. இங்கே பலருக்கு வெறுப்பூட்டும் வாசிப்பும் அதுதான். இணையத்தில் மலிந்திருக்கும் பேய்க்கதை ஒலிப்பதிவுகள் பெரும்பாலும் இந்த நடுக்கத்தையும் ஓநாய் ஊளையையும் நம்பியே ஓடுகின்றன. அதைவிட மோசமான இன்னொன்று, இதெல்லாம் பழைய சனங்களின் மூடநம்பிக்கை என்ற மெல்லிய சிரிப்பைக் குரலில் ஒளித்து வாசிப்பது. கொக்கட்டிச்சோலையில் போர்த்துக்கேயர் முன்னிலையில் கல் நந்தி எழுந்து புல் தின்றது என்ற ஐதீகத்தை ஊரவர் சொல்லும்போது யாரும் குரலை நடுக்குவதில்லை, கண்ணைச் சிமிட்டுவதும் இல்லை. நேற்று நடந்ததுபோல, நெல் விலையைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். ஜின்களின் இருப்பை மார்க்கமாகவே ஏற்றுக்கொண்ட எங்கள் மாணவி, ஜின் கதைகளை விளையாட்டாக வாசிக்கும் பதிவுகளைத் தன்னால் ஐந்து நிமிடத்துக்கு மேல் கேட்க முடிவதில்லை என்றார். அது கதைச்சுவை பற்றிய குறை மட்டுமன்று. தன் வீட்டாரை யாரோ ஏளனம் செய்வதுபோல் அவருக்குப் படுகிறது.

கத்லீன் காட்டியின் வாசிப்பில் தொமவோய் பேசும் இடங்கள் அடங்கிய குரலில், அவசரமில்லாமல் வருகின்றன. வசிலிசா அதனோடு பேசும்போது குரலில் வியப்பு இல்லை, பழக்கம் இருக்கிறது. சிற்றன்னை அதே ஆவியைக் காணும்போது மட்டும் குரல் இறுகுகிறது. ஒரே ஆவி ஒருத்திக்கு வீட்டாள், மற்றவளுக்குப் பேய் என்ற நாவலின் மையம் முழுவதும் இந்த வேறுபாட்டில் தங்கியிருக்கிறது. எழுத்தாளர் எழுதியதை வாசிப்பாளர் விளங்கிக்கொண்டார் என்பதற்கு எனக்கு இதுவே சான்று. அண்ணாவியார் மொழி தெரியாமலே பிடித்தது இதைத்தான் என்று கருதுகிறேன். ஆனால் ஆசிரியையின் குறையிலும் உண்மை இருக்கிறது. பாதிரியார் தேவாலயத்தில் போதிக்கும் பகுதிகளில் குரல் தேவைக்கு மேல் ஏறுகிறது. அவருடைய சொற்களே சனங்களை அச்சுறுத்தப் போதுமானவை. வாசிப்பு அங்கே சற்று விலகி நின்றிருக்கலாம்.

வாசிப்பதா நடிப்பதா என்ற வாதம் புதிதன்று. பார்வையற்றோருக்கான பேசும் நூல்கள் அமெரிக்காவில் 1934 இலும் பிரித்தானியாவில் 1935 இலும் இசைத்தட்டுகளில் வரத் தொடங்கிய காலத்திலேயே அது எழுந்துவிட்டது. எங்களிடையே இருக்கும் முதியவருக்குப் பார்வை மங்கிய பிறகு ஒலிநூல் பொழுதுபோக்கு அல்ல, வாசிப்பே அதுதான். ஆகவே நூலுக்கும் தனக்கும் இடையில் வேறொருவரின் நடிப்பு வந்து நிற்பதை அவர் விரும்புவதில்லை. கற்பனை செய்யும் வேலையைத் தன்னிடம் விட்டுவிடும்படி கேட்கிறார். அவருடைய தலைமுறைக்கு இலங்கை வானொலி நாடகங்கள் கொடுத்த செவியும் உண்டு. அங்கே பல நடிகர்கள், கதவுச் சத்தம், காலடிச் சத்தம், இசை என்று எல்லாம் இருந்தன. நாடகம் என்றால் நாடகமாக இருக்கட்டும், நூல் என்றால் நூலாக இருக்கட்டும், இரண்டையும் கலக்க வேண்டாம் என்பது அவரின் நிலைப்பாடு.

நீளம் பற்றிய கருத்து வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கில ஒலிநூல் தொழிலில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 9,300 சொற்கள் என்று கணக்கு வைப்பார்கள்; ஓர் இலட்சம் சொற்கள் கொண்ட நாவலுக்கு 11 மணித்தியாலம் அளவில் செல்லும். அது விடியவிடிய ஆடும் ஒரு கூத்தின் அளவு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலிய கூத்துகளை நவீன மேடைக்கு ஏற்பச் சுருக்கித் தந்தபோது, அதனால் கூத்து நகர மக்களிடமும் பல்கலைக்கழகத்திடமும் சென்று சேர்ந்தது. அதே வேளையில், விடியவிடிய ஆடுவதில் கிடைக்கும் தோய்வு சுருக்கத்தில் கிடைக்குமா என்ற கேள்வியும் பின்தொடர்ந்து வந்தது. பாடும்மீன் இரவுக் கடுகதிப் புகையிரதத்தில் கொழும்புக்குப் போகும் ஒருவருக்கு 11 மணித்தியாலம் சுமையன்று. வேலைக்குப் போகும் வழியில் அரை மணித்தியாலம் மட்டும் கேட்பவருக்கு அது மூன்று வாரம். சுருக்கிய பதிப்பா முழுப் பதிப்பா என்ற விருப்பம் இங்கிருந்தே பிறக்கிறது. ரசனையின் உயர்வு தாழ்வு பற்றிய பேச்சுக்கு அங்கே இடமில்லை.

கணினி தானாக வாசிக்கும் குரல்கள் பற்றியும் ஒருநாள் பேசினோம். ஆப்பிள் நிறுவனம் 2023 இல் இத்தகைய குரலில் ஆங்கில ஒலிநூல்களை வெளியிடத் தொடங்கியது. தமிழிலும் கணினிக் குரல்கள் வந்துவிட்டன. செய்தி கேட்பதற்கு அவை உதவும். நம்பிச் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதால், நாட்டார் கதைக்கு அவற்றை எங்களில் ஒருவரும் விரும்பவில்லை.

இவ்வளவையும் பேசிய பிறகு, நாங்களே ஒரு கதையைப் பதிவு செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தோம். கலிங்க நாட்டிலிருந்து பேழையில் கடல்வழி வந்த ஆடகசவுந்தரியின் கதையைத் தேர்ந்தோம், எஃப்.எக்ஸ்.சி. நடராசா 1962 இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தின் வழியாகவும் ஊர்வழக்கிலும் நாம் அறிந்த கதை அது. அமேசானின் ஏசிஎக்ஸ் போன்ற ஒலிநூல் வெளியீட்டுத் தளங்கள் பின்னணி இரைச்சல் கழித்தல் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. எங்கள் வீட்டில் மின்விசிறியை நிறுத்தி, யன்னல்களைப் பூட்டி, இரவு பத்து மணிக்குப் பிறகு பதிவு செய்தும் அந்த அளவை எட்ட முடியவில்லை. கடற்காற்று ஓட்டுக்குள் புகுந்து ஒலித்துக்கொண்டே இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

பதிவில் இரண்டு குரல்களை வைத்தோம். ஆசிரியை கதையைப் படித்தார், பாத்திரக் குரல் எதுவும் இல்லாமல். அவருக்கு எதிரே இருந்த மாணவி ‘ம்’ கொட்டியும், பெயர்கள் குழம்பும் இடங்களில் கேள்வி கேட்டும், “மறுகா?” என்று நகர்த்தியும் கேட்பவராக ஒலித்தார். நாற்பது நிமிடப் பதிவு. அதைத் தத்தம் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் கைத்தொலைபேசியில் அனுப்பி, கருத்துக் கேட்டோம்.

முதியவருக்கு முதன்முறையாக ஒரு பெயரும் தவறவில்லை. ஆனாலும், பேழை கரையொதுங்கும் இடத்தில் மாணவியின் ‘ம்’ வந்து விழுந்தது தனக்கு இடைஞ்சலாக இருந்தது என்றார். அந்த இடத்தில் சபை மூச்சடக்கித்தான் இருந்திருக்கும் என்பது அவர் வாதம். வங்கி இளைஞர் ஒன்றேகால் வேகத்தில் ஓடவிட்டபோது கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பழைய வேகத்துக்குத் திரும்பித்தான் கேட்டு முடித்தாராம். மாணவியின் மூத்தம்மா இருமுறை கேட்டுவிட்டு, கேட்கிற பிள்ளை இன்னும் கொஞ்சம் கூடக் கேட்கலாம் என்று சொல்லியனுப்பினார். தாளம் இல்லாத வரவு வரவல்ல என்றார் அண்ணாவியார். அடுத்த பதிவுக்கு, ஆடகசவுந்தரி அரசியாக வரும் இடத்தில் மட்டுமாவது மத்தளம் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மத்தளம் வைத்தால் அது நூல் அல்ல, நாடகம் என்று முதியவர் மறுக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு விதமாகவும் பதிவு செய்யப் போகிறோம்.